ஒன்றும் தெரியாதவருக்கு ஒரு சாட்சி

சின்னவளே, போன ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமை வைத்துக்கொண்டு 'ஃப்ரெஷர்' என்று அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாய். "அசிங்கமா இருக்குப்பா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே தம்பட்டம் அடிச்சிக்கிற மாதிரி கீது" என்றாய். உன் அண்ணன், "எங்கயாவது ஆறு மாசம் வேலை செஞ்சேன்னு ஒரு வரி சேத்துடு. யாரு போய்ப் பாக்கப் போறா?" என்றான். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இருவரும் கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியில் போன் வந்துவிடும், எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. அதன் பக்கச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கூரை, அதற்கடியில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு டைப்ரைட்டர். மேசைக்குப் பின்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். எங்களைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. எல்லாருக்கும் அவர் டைப்பு அக்கா.

அப்போது இந்தப் பக்கம் இப்படி இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி கிடையாது. ஒரகடம் என்றால் கொல்லையும் முள்காடும்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்றிரண்டு கம்பெனிகள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தன. சுவர் எழும்புவதைப் பார்த்தாலே போதும், பென்னலூரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் பையன்கள் அக்காவின் மேசை முன்னால் வரிசையில் நிற்பார்கள். அப்ளிகேஷன் இங்கிலீஷில் இருக்க வேண்டும். எங்களுக்கு இங்கிலீஷ் வராது. எங்களில் எவனுக்கும் எந்த வேலையும் தெரியாது. அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்பதுதான் அக்காவின் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மற்ற டைப் கடையில் பெயர், ஊர், படிப்பு கேட்பார்கள், தடதடவென்று அடித்துக் கொடுப்பார்கள். இவர் அடிப்பதற்கு முன்னால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். கையை நீட்டச் சொல்வார். கேள்வி கேட்பார். பிறகு காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு தடித்த டிக்ஷனரியைத் திறந்து, ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போடுவதுபோல வார்த்தைகளை எடுத்துப் போடுவார்.

"இது ரா. பச்சையா கீறவன்னு அர்த்தம். அடுப்புலயே ஏத்தாத அரிசி மாதிரி. இது பட்டிங். மொட்டு வுட்டிருக்கு, பூக்கல. இது ஆஸ்பைரிங், மேல மேலப் பாக்கறவன். நீ எங்க மேலப் பாக்கற? தரையத்தான பாத்துக்கினு நிக்கற? உனக்கு இது வேணாம்."

ஒரே கம்பெனிக்குப் போகும் இரண்டு பேருக்கு ஒரே வார்த்தையைக் கொடுக்க மாட்டார். அதில் சண்டை வரும்.

"யக்கா, அவனுக்கு மட்டும் இம்மாம் நீட்டு வார்த்த போட்டுக்கிற. எனுக்கு இன்னா துக்குணூண்டு?"

"நீளம் பாத்துக் கிழிச்சிக் குடுக்க இது இன்னா வேட்டித் துணியாடா? உனக்குப் போட்டது கீன். கத்தி மொன மாதிரி. சின்னதா இருந்தாத்தான் குத்தும். போடா."

அவன் அந்தக் கீனை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆனால் இல்லாததை அடிக்கச் சொன்னால் விரல் அசையாது. அதுதான் அவர். ஒருத்தர் பி.ஏ. பரீட்சையில் தோற்றவர். பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போடச் சொன்னார். "படிச்சேன்னு போடறேன். முடிச்சேன்னு போட மாட்டேன்" என்றார் அக்கா. வந்தவர் கத்திவிட்டுப் போனார். இன்னொரு முறை ஒரு வீட்டுக்காரர், வேலைக்கு வரும் பையன்களுக்கு அறை வாடகைக்கு என்று நோட்டீஸ் அடிக்க வந்தார். காற்றோட்டமான பெரிய அறை என்று போட வேண்டுமாம். அக்கா மெஷின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, அந்த அறையைப் பார்க்கவே போய்விட்டார். திரும்பி வந்து 'அறை' என்று மட்டும் அடித்தார். "ஜன்னலே இல்ல. காத்து எந்த வழியா ஓடுதாம்?" என்றார். இப்படி இருந்தால் பிழைப்பு எப்படி நடக்கும்? பல நாள் அந்த மேசை காலியாகத்தான் இருக்கும். அவர் டிக்ஷனரி படித்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் நெடுஞ்சாலையில் லாரிக்கு பிரேக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்று ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். நானும் உங்கள் மாமாவும் போவதென்று முடிவாயிற்று. எனக்கு அப்போது மீசை சரியாக வளரவில்லை, எப்போது வேலை கிடைத்தாலும் சரி. மாமாவின் நிலைமை வேறு. அவர் லாரி கிளீனர். லாரியோடு வடக்கே போனால் வாரக் கணக்கில் திரும்ப மாட்டார். அவர் மனைவி, அதாவது உங்கள் பெரிய அத்தை, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டிலேயே கிடந்தாள். குழந்தை அவரைப் பார்த்தால் வீறிட்டு அழும், யாரோ என்று. அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "இந்தக் கம்பெனில சேந்தா குடும்பம். இல்லன்னா நீ லாரியையே கட்டிக்கினு அழு." அடுத்த செவ்வாய்க்கிழமை லாரி பம்பாய்க்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் வேலை கிடைத்தால் உண்டு.

மாமாவுக்கு ஒரு சேதி தெரிந்திருந்தது. அனுபவம் உள்ளவனைத் தனியாக நிறுத்துவார்களாம், நேராக மெஷினில் போடுவார்களாம். அக்காவின் மேசை முன்னால் போய் நின்றதும் அதைத்தான் கேட்டார்.

"எக்ஸ்பீரியன்ஸ்டுன்னு போடும்மா. ரெண்டு வருசம் கம்பெனில வேல செஞ்சேன்னு."

"எந்தக் கம்பெனி?"

"ஏதோ ஒரு கம்பெனி. நீயே ஒண்ணு போட்டுக்கோ."

"செஞ்சீங்களா?"

"செஞ்சிருந்தா உங்கிட்ட ஏம்மா வர்றேன்?"

"அப்ப போட முடியாதுங்க. லாரில ஓடறீங்க இல்ல? ஹார்டின்னு ஒரு வார்த்த கீது. வெயில் மழ தாங்கற ஆளு. அது போடறேன்."

"ஒரு வார்த்த அடிக்கறதுக்கு உன் வெரல்ல இன்னா முள்ளா குத்துது? கவர்மென்ட்டா உன்னக் கேக்கப் போறான்?"

"குத்துதுங்க. இன்னா பண்ணச் சொல்றீங்க?"

மாமா முகம் சிவந்து, பஸ் ஸ்டாண்டு எதிரில், கேட்டதையெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கும் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டார். "வா மச்சான், இந்தம்மா நம்மள முன்னேற வுடாது" என்று என்னையும் இழுத்தார். நான் அவருக்கு நாலைந்து பேர் பின்னால் நின்றிருந்தேன், வரிசையை விட மனமில்லை. அங்கேயே நின்றேன்.

என் முறை வந்தது. கையை நீட்டச் சொன்னார். "இன்னா தெரியும்?" என்றார்.

"மடை திருப்புவேன். மாட்டு வண்டி ஓட்டுவேன்."

"கம்பெனில மாடு இல்ல. தப்பாப் போச்சுன்னா இன்னா செய்வ?"

யோசித்துப் பார்த்து, "திட்டு வாங்கிக்கினு திரும்பச் செய்வேன்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். "அன்டிரைட். இதுவரிக்கும் யாரும் உன்னிய வெச்சிப் பாக்கல. அவ்ளோதான் அர்த்தம். உங்கிட்ட கொறன்னு இந்த வார்த்த சொல்லல, பாக்காதவன் மேலதான் கொற." பிறகு அடித்தார். வீடு வரைக்கும் அந்தத் தாளை மடிக்காமல் கையிலேயே எடுத்துப் போனேன்.

ஆள் எடுத்த நாளில் கேட்டுக்குள் இரண்டு வரிசை போட்டார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. உங்கள் மாமா அனுபவக்காரர்கள் வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவரோடு நின்றவர்கள் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊர்ப் பையன்கள்தான், எல்லாரும் அந்த ஜெராக்ஸ் கடை ஆட்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களை மட்டும் ஷெட் நிழலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். டீ கொடுத்தார்கள். நாங்கள் வெயிலில் நின்றோம். மாமா டம்ளரைத் தூக்கி எனக்குக் காட்டி, 'பாத்தியா?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். அப்போது அக்காவின்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

டீ குடித்து முடித்ததும் அவர்களை எழுந்திருக்கச் சொன்னார்கள். ஆபீசர் வந்து மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க எல்லாரும் போலாம்பா" என்றார். போலாம் என்றால் உள்ளே என்று நினைத்து இரண்டு பேர் ஷெட்டுக்குள் நடந்தார்கள். வாட்ச்மேன் தோளைப் பிடித்துக் கேட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.

என்ன நடந்தது என்று என் முறை வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆபீசர் என் தாளைப் படித்துவிட்டு, "நல்ல வேளை, நீயும் அம்பத்தூர்ன்னு போடலை" என்றார். ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே வரியைத்தான் அடித்திருக்கிறார்: அம்பத்தூரில் இன்ன கம்பெனியில் இரண்டு வருஷம். அந்தக் கம்பெனியோ ஸ்ட்ரைக்கில் மாதக் கணக்காக மூடிக் கிடக்கிறது. அங்கிருந்து ஒரு கூட்டமே கிளம்பி வந்துவிட்டது, உள்ளே விட்டால் இங்கேயும் கொடி பிடிப்பார்கள் என்று இவர்கள் பயந்துவிட்டார்கள். டீ கொடுத்ததுகூடப் பயத்தில்தான். ஸ்ட்ரைக் செய்தவர்களுக்கு வேலை இல்லை என்பது நியாயமில்லை என்று பின்னாளில் நானே சங்கத்தில் சேர்ந்தபோது புரிந்தது. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு டிரெய்னிங்கில் இடம் கிடைத்தது, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சந்தோஷப்படக்கூட முடியவில்லை. வீட்டில் அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மாமாவை நான்தான் அக்காவிடம் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்றவர், அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மேசையிலிருந்து நாலடி தள்ளியே நின்றுகொண்டார். நடந்ததை நான் சொன்னேன். நல்லா வேணும் என்று அக்கா ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"புதுசா ஒண்ணு அடிச்சிக் குடுங்கக்கா. ஹார்டியோ கீர்டியோ, எது வேணா போடுங்க" என்றேன்.

அக்கா தாளை மெஷினில் செருகினார். பிறகு உருவி எடுத்துவிட்டார்.

"வேணாம். இவரு பேர்ல ஏற்கெனவே ஒரு பேப்பர் பொய் சொல்லிடுச்சு. இன்னொரு பேப்பர யாரும் நம்ப மாட்டாங்க. யாராவது நேர்ல போய்ச் சொல்லணும்."

"யாரு சொல்லுவா?" என்றார் மாமா.

"திங்கக்கெழம எத்தினி மணிக்கு கேட்டத் தொறப்பாங்க?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

திங்கட்கிழமை நான் போனபோது அக்காவும் மாமாவும் கம்பெனி கேட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தார். ஆபீசர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, மாமாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அம்பத்தூர் ஆளுதானேப்பா நீ? அன்னிக்கே சொல்லிட்டேனே."

"இல்ல சார். அந்தக் கம்பெனிய நான் கண்ணால கூடப் பாத்தது இல்ல சார். பொய்யி சார்."

"எதுக்குப் பொய் சொன்ன?"

"ஒண்ணும் தெரியாதுன்னா சேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

ஆபீசர் வாட்ச்மேனைப் பார்த்தார். "அன்னிக்குச் சொன்னது பொய்னா, இன்னிக்குச் சொல்றது மட்டும் நிஜமா? ஸ்ட்ரைக்காரன் ஒருத்தன் உள்ள வரதுக்கு இப்படித்தானே சொல்லுவான்? உனக்கு அனுபவமே இல்லைங்கறதுக்கு என்ன சாட்சி?"

அனுபவம் இருப்பதற்குச் சாட்சி கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லாததற்கு எங்கே போவது? நான் காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஓரடி முன்னால் வந்தார்.

"நான் சாட்சி சார். இவரு அன்ஸ்கில்ட் சார்."

"ஆமா சார்" என்றார் மாமா.

"அன்டிரெய்ன்ட். அன்ஸீஸன்ட். ரா."

"ஆமா சார். ஆமா சார்."

"க்ரீன் சார். இன்எக்ஸ்பீரியன்ஸ்ட். ஃபேக்டரி வேலைன்னு பாத்தா அப்சல்யூட்லி கேலோ சார்."

"அதேதான் சார்!" என்றார் மாமா. அர்த்தம் தெரியாமலே, பட்டம் வாங்குகிறவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்.

ஆபீசர் அக்காவையே பார்த்தார். "கேலோவா? றெக்கை முளைக்காத குஞ்சுக்குச் சொல்லுவாங்க. எங்கம்மா பிடிச்சீங்க இதை?"

"தப்பா சார்?"

"தப்பில்லை." அவர் என்னைக் காட்டி, "இவனுக்கு அன்டிரைட்னு அடிச்சது நீங்கதானா?" என்றார். அக்கா தலையசைத்தார். ஆபீசர் சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஒரு கருவியை எடுத்து மாமா கையில் கொடுத்தார். "இதை வெச்சு என்ன பண்ணுவாங்க? காட்டு."

அது வெர்னியர் என்று எனக்கே பிறகுதான் தெரியும். இரும்புத் துண்டை அதன் வாயில் வைத்து மயிரிழை கணக்கில் அளப்பது. கம்பெனியில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூடத் தெரிந்துவிடும், உள்ளங்கையில் குழந்தையை ஏந்துவதுபோலப் பிடிப்பான். மாமா அதை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளீனர் புத்தி. குனிந்து, கேட்டில் இருந்த பெரிய நட்டில் அதன் வாயை மாட்டி, ஸ்பேனரைப்போல ஒரு கையால் முடுக்கத் தொடங்கினார்.

"ஐயோ! விடுப்பா, விடு!" ஆபீசர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "போதும். நம்பறேன். உள்ள போ. டிரெய்னிங் ஷெட். எதையும் தொடாதே."

மாமாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வாட்ச்மேன் கேட்டைத் தள்ளித் திறந்ததும் செருப்பைக் கழற்றப் போனார். "போட்டுக்கினே வாய்யா, இது இன்னா கோயிலா?" என்றார் வாட்ச்மேன். மாமா உள்ளே நடந்தார். பாதி வழியில் நின்று திரும்பி, அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அவரைவிட வயதில் சின்னவர் அக்கா. அதையெல்லாம் மாமா பார்க்கவில்லை.

எனக்கு மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அக்காவோடு ரோடு வரை போனேன். பஸ் நிற்கும் இடத்தில் மைல்கல் இருந்தது, அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"இன்னாக்கா ஆச்சி?"

"உங்கள மாதிரி பசங்ககிட்ட சொல்றது வேறடா. இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா நான் வாயத் தொறந்து பேசனதே இல்ல. இன்னிக்குத்தான் மொத தடவ."

எனக்கு நம்ப முடியவில்லை. அவ்வளவு வார்த்தை தெரிந்தவர்!

"சரியாச் சொன்னனா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு என்ன தெரியும்? "சரியாத்தான் சொன்னீங்கக்கா. இல்லன்னா கேட்டத் தொறப்பாங்களா?" என்றேன்.

அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை, சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பஸ் வந்தது. கூட்டத்தில் படியில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டே, "மணி அடிக்குது பாரு, ஓடு ஓடு!" என்று கத்தினார். நான் ஓடினேன். ஷெட்டுக்குள் உங்கள் மாமா எதையும் தொடாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்.